கொதிக்கும் வண்டியும் கழற்றிய விசிறியும்

இலக்கியம் பேசும் நண்பர்கள் நடுவே இம்முறை எஞ்சின் எண்ணெய் வாடையோடு வந்திருக்கிறேன், பொறுத்தருள்க. எடுத்துக்கொண்ட பொருள் சிறியது. ஒரு பழைய அம்பாசடர் காரில், எஞ்சினோடு சேர்ந்து சுழலும் ரேடியேட்டர் விசிறியைக் கழற்றிவிட்டு, அதனிடத்தில் பேட்டரியின் மின்சாரத்தால் ஓடும் விசிறியொன்றைப் பொருத்தலாமா என்பதே கேள்வி. பழைய வண்டி வைத்திருப்போர் இருவர் சந்தித்தால் பத்தாவது நிமிடத்தில் இந்தக் கேள்வி வந்துவிடும். பதினைந்தாவது நிமிடத்தில் சண்டையும் வந்துவிடும். ஒரு சாரார், "வண்டியைச் செய்தவனுக்குத் தெரியாததா உனக்குத் தெரிந்துவிட்டது?" என்பர். மறு சாரார், "இன்னுமா அந்தக் காலத்து விசிறியைக் கட்டிக்கொண்டு அழுகிறாய்?" என்பர். இருவருக்கும் பொதுவாக ஏதோ சொல்லித் தப்பித்துக்கொள்ள நான் விரும்பவில்லை. மாற்றலாம் என்பதே என் கட்சி. ஆனால் மாற்றுகிறவர்களில் பலர் தவறான காரணத்துக்காக, தவறான வரிசையில் மாற்றுகிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும்.

எங்கள் வீட்டில் இது பொழுதுபோக்குக் கேள்வியாக இருக்கவில்லை. என் தந்தை 1978இல் வாங்கிய மார்க் 3 அம்பாசடர் இன்றும் ஓடுகிறது. அவர் மறைந்து பல ஆண்டுகளாகின்றன. எண்பதைக் கடந்துவிட்ட அம்மாவுக்கு முழங்கால் வலி. இக்காலத்துச் சிறு கார்களில் குனிந்து நுழைவதும் எழுந்து வெளிவருவதும் அவருக்குத் துன்பம். அம்பாசடரின் பின்னிருக்கையோ நாற்காலி உயரத்தில் இருக்கிறது. உட்கார்ந்து, கால்களை உள்ளே இழுத்துக்கொண்டால் போதும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பொங்கலுக்கு முந்தைய நாள், தாம்பரத்துக்கும் பெருங்களத்தூருக்கும் இடையே நெரிசலில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் சிக்கினோம். வண்டி கொதித்தது. பானெட்டின் இடுக்குகளிலிருந்து ஆவி சீறியது. அம்மாவைக் கைப்பிடித்து இறக்கி, மூடிக்கிடந்த ஒரு கடையின் படியில் உட்கார வைத்தேன். அவர் குறையொன்றும் சொல்லவில்லை. "உங்கப்பா எப்பவும் ஒரு கேன் தண்ணி வச்சிருப்பார்" என்றார், அவ்வளவுதான். வீடு திரும்பியதும் தம்பி, "அண்ணா, போதும். வித்துடலாம்" என்றான். ஆக, விசிறியைப் பற்றிய கேள்வி, வண்டி வீட்டில் இருப்பதா போவதா என்ற கேள்வியாகிவிட்டது.

முதலில் விசிறியின் இயல்பைப் பார்ப்போம். அம்பாசடரின் பழைய 1489 சி.சி. எஞ்சினில் விசிறி, தண்ணீர் பம்ப்பின் முகப்பில் திருகப்பட்டிருக்கும். ஒரே பெல்ட், பம்ப்பையும் விசிறியையும் டைனமோவையும் சேர்த்துச் சுழற்றும். எஞ்சின் வேகமாகச் சுழன்றால் விசிறியும் வேகமாகச் சுழலும். மெதுவாகச் சுழன்றால் அதுவும் மெதுவாகும். கோளாறு வர அதில் இடமே இல்லை. பெல்ட் இருக்கும்வரை விசிறி உண்டு. ஆனால் அந்த எளிமைக்குள்ளேயே ஒரு முரண்பாடும் இருக்கிறது.

நெடுஞ்சாலையில் அறுபது எழுபது கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது எதிர்காற்றே ரேடியேட்டருக்குப் போதும். அப்போது விசிறி தேவையில்லை; ஆனால் அப்போதுதான் அது முழு வேகத்தில் சுழல்கிறது. நெரிசலில் வண்டி நிற்கும்போது எதிர்காற்று என்பதே கிடையாது. அப்போது விசிறிதான் ஒரே துணை. ஆனால் எஞ்சின் ஐட்லிங்கில் இருப்பதால் விசிறி சோம்பிச் சுழல்கிறது. விசிறிகளுக்கென்று ஒரு கணக்கு உண்டு. தள்ளும் காற்றின் அளவு வேகத்தைப் பொறுத்து நேர்விகிதத்தில் கூடும். அதற்குச் செலவாகும் ஆற்றலோ வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் கூடும். நிமிடத்துக்கு 800 சுற்றில் இருக்கும் எஞ்சின் 4000 சுற்றுக்குப் போனால் வேகம் 5 மடங்கு, காற்று 5 மடங்கு, விசிறி விழுங்கும் ஆற்றல் 125 மடங்கு. வேண்டாத இடத்தில் வாரி இறைத்து, வேண்டிய இடத்தில் கையை விரிக்கும் ஏற்பாடு இது.

செய்தவர்கள் அறியாமல் செய்ததன்று. அம்பாசடரின் மூலம் இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசை. அங்கிருந்து வந்து, மேற்கு வங்கத்தின் உத்தரபாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையில் 1950களின் இறுதியிலிருந்து 2014 வரை உருவாகிவந்தது. அது பிறந்த காலத்துச் சாலைகளில் கார் என்பது பெரும்பாலும் ஓடிக்கொண்டிருக்கும் பொருள். ஒரு மணி நேரம் நின்றுகொண்டே எஞ்சினை ஓட்டுவது எவர் கற்பனையிலும் இருந்திராது. மலையேற்றத்தில்கூட அந்த விசிறி குறை வைக்கவில்லை. கல்லாறிலிருந்து உதகைக்கு ஏறும்போது வண்டி மெதுவாகப் போகும். ஆனால் இரண்டாம் கியரில் எஞ்சின் உயர்ந்த சுற்றில் இருக்கும், விசிறியும் அதற்கேற்ப வீசும். எங்கள் வண்டி மலைமேல் கொதித்து நான் கண்டதில்லை. அதைக் கொதிக்கவைத்தது சமவெளியின் நெரிசல்தான்.

இதனோடு வெயிலையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். ரேடியேட்டர் வெளியேற்றும் வெப்பம், தண்ணீருக்கும் வெளிக்காற்றுக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாட்டைப் பொறுத்தது. தண்ணீர் 90 டிகிரி, காற்று 20 டிகிரி என்றால் வேறுபாடு 70. சித்திரை வெயிலில் சென்னைக் காற்று 40 டிகிரியைத் தொடும்போது வேறுபாடு 50தான். அதே விசிறி அதே வேகத்தில் சுழன்றாலும், ஆங்கிலேயக் கோடையில் வெளியேறும் வெப்பத்தில் ஏழில் ஐந்து பங்கே இங்கு வெளியேறும். தார்ச்சாலையின் அனலும் முன்னால் நிற்கும் பேருந்தின் புகையும் இக்கணக்கில் சேரவில்லை.

ஆகவே என் வாதத்தின் கரு இதுதான்: விசிறியை ஆள வேண்டியது எஞ்சினின் வேகமன்று, தண்ணீரின் வெப்பம். மின்விசிறி செய்வது அதைத்தான். வெப்பம் ஏறினால் சுழலும், இறங்கினால் ஓயும். வண்டி நிற்கிறதா ஓடுகிறதா என்று அது பார்ப்பதில்லை. இது ஏதோ பந்தயக்காரர்களின் ஆடம்பரம் என்று எண்ணுவோருக்கு ஒரு செய்தி. 1983 டிசம்பரில் வெளிவந்த மாருதி 800இல் தொடக்கத்திலிருந்தே மின்விசிறிதான். அதில் எஞ்சின் குறுக்கு வாட்டில் அமர்ந்திருப்பதால், எஞ்சினின் முனை பக்கவாட்டைப் பார்க்க, ரேடியேட்டர் முன்னே பார்க்கிறது. பெல்ட் போட்டு விசிறியைச் சுழற்ற வழியில்லை. 1959இல் இங்கிலாந்தில் வந்த மினி கார், இதே சிக்கலுக்கு ரேடியேட்டரையே பக்கவாட்டில் திருப்பி வைத்து விடை கண்டது. பிற்காலத்தார் ரேடியேட்டரை முன்னே நிறுத்தி, விசிறிக்கு மோட்டார் கொடுத்தனர். கட்டாயத்தால் வந்த மாற்றம். ஆனால் நெரிசல் மிகுந்த நகரங்களுக்கு அதுவே பொருத்தமாக அமைந்துவிட்டது.

இனி, எதிர்க்கட்சியின் வாதங்களுக்கு வருகிறேன். முதலாவது, மூலத்தன்மை. பழைய வண்டியில் ஒரு திருகாணியை மாற்றினாலும் அது பழைய வண்டியன்று என்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள்மீது எனக்கு மரியாதை உண்டு. அவர்கள் இல்லாவிட்டால் பல வண்டிகளின் உண்மையான உருவம் நமக்குத் தெரியாமலே போயிருக்கும். 2021இல் மத்திய அரசு கொண்டுவந்த விதிகளும் ஐம்பது ஆண்டுகளைக் கடந்து, மூல வடிவில், பெரிய மாற்றம் எதுவுமின்றிப் பேணப்படும் வண்டிகளுக்கே பழம்பெரும் வண்டி என்ற தனிப்பதிவை அளிக்கின்றன. ஆனால் அதே விதிகள், அப்படிப் பதிவான வண்டியை அன்றாடப் பயன்பாட்டுக்கு ஓட்டக்கூடாது என்றும் சொல்கின்றன. காட்சிக்குரிய வண்டி வேறு, கோயிலுக்கும் மருத்துவமனைக்கும் அம்மாவை அழைத்துச் செல்லும் வண்டி வேறு என்பதைச் சட்டமே ஒப்புக்கொள்கிறது. இரண்டாம் வகை வண்டிக்கு முதல் வகையின் ஆசாரத்தை விதித்தால், அது ஒருநாள் நடுச்சாலையில் ஹெட் கேஸ்கெட் போய் நிற்கும். பிறகு பழைய இரும்புக் கடைக்குத்தான் போகும். அங்கே மூலத்தன்மைக்கு விலை கிடையாது. எடைக்கு மட்டுமே விலை.

மேலும், இது திரும்பப்பெறக்கூடிய மாற்றம். சில போல்ட்டுகளைக் கழற்றினால் பழைய விசிறி வந்துவிடும். அதே போல்ட்டுகளைப் போட்டு முடுக்கினால் திரும்பவும் ஏறிவிடும். எதையும் வெட்டவோ பற்றவைக்கவோ வேண்டியதில்லை. பழைய வண்டியில் எந்த மாற்றத்துக்கும் நான் வைக்கும் அளவுகோல் இதுவே: நாளை மற்றொருவர் அதைப் பழையபடி ஆக்க முடியுமா? முடியுமென்றால் செய்யலாம், முடியாதென்றால் பத்து முறை யோசிக்கலாம்.

இப்போது என் கட்சியைச் சேர்ந்தவர்களோடு கொஞ்சம் சண்டை. மின்விசிறி போட்டால் வண்டி பறக்கும், பெட்ரோல் பாதியாகும் என்றெல்லாம் அளப்பவர்கள் உண்டு. மின்சாரம் வானத்திலிருந்து வருவதில்லை. அதே பெல்ட்தான் ஆல்டர்னேட்டரைச் சுழற்றுகிறது. அதிலும் பாதிக்குச் சற்று மேற்பட்ட ஆற்றல்தான் மின்சாரமாகிறது. 150 வாட் விசிறியை ஓட்ட எஞ்சின் ஏறக்குறைய 270 வாட் தர வேண்டும். அரைக் குதிரைத்திறனுக்கும் குறைவு. உயர்ந்த வேகத்தில் இரும்பு விசிறி விழுங்குவதைவிட இது குறைவுதான். அதுவும் தேவைப்படும் நேரத்தில் மட்டும் செலவாவது. எஞ்சினின் இரைச்சல் குறைவது காதுக்குத் தெரியும். ஆனால் வேகத்தையோ மைலேஜையோ எதிர்பார்த்து இதைச் செய்பவர் ஏமாந்துபோவார். நெரிசலில் கொதிக்காமல் இருப்பதுதான் இதன் பயன்.

அடுத்து டைனமோ. இதைப் பலர் சொல்வதில்லை. சொல்லாததால் பல வண்டிகள் நின்றிருக்கின்றன. அக்காலத்து ஆங்கிலக் கார்களில் பரவலாக இருந்த லூகாஸ் சி40 டைனமோ, நல்ல வேகத்தில் சுழலும்போது தருவது அதிகபட்சம் 22 ஆம்பியர். ஐட்லிங்கில் அது தருவது ஏறத்தாழ ஒன்றுமில்லை. டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு மினுக்குவதன் பொருள் அதுதான். மின்விசிறிக்கோ 10 முதல் 15 ஆம்பியர் வேண்டும். சுழலத் தொடங்கும் கணத்தில் அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு. விசிறி எப்போது ஓடும்? நெரிசலில், ஐட்லிங்கில். அதாவது டைனமோ கைவிடும் அதே நேரத்தில். மாலை நேரம், மழை, முகப்பு விளக்கு, வைப்பர் எல்லாம் சேர்ந்தால் ரேடியேட்டரின் நோயைப் பேட்டரிக்கு மாற்றியதுதான் மிச்சமாகும். ஆகவே டைனமோ உள்ள வண்டியில் முதலில் ஆல்டர்னேட்டர், பிறகே மின்விசிறி. அதைப் பொருத்துமுன் பேட்டரியின் எந்த முனை பாடியில் இணைக்கப்பட்டிருக்கிறது என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும். பழைய ஆங்கிலக் கார்கள் பலவற்றில் பாசிட்டிவ் முனைதான் எர்த்தாக இருந்தது. பார்க்காமல் இணைத்தால் ஆல்டர்னேட்டரின் டயோடுகள் நொடியில் கருகும்.

இரும்பு விசிறிக்கு இன்னொரு நற்குணம் உண்டு. அது சொல்லாமல் சாவதில்லை. பெல்ட் தளர்ந்தால் கீச்சிடும். அறுந்தால் சிவப்பு விளக்கு எரியும். மின்விசிறி அப்படியன்று. ஃப்யூஸ் போகலாம், ரிலே ஒட்டிக்கொள்ளலாம், வெப்பச் சுவிட்ச் பழுதாகலாம், இணைப்பில் துரு ஏறலாம். எதுவும் சத்தம் போடாது. ஊசி சிவப்பைத் தொடும்போதுதான் தெரியவரும். இது நியாயமான குற்றச்சாட்டு. இதற்கு வாதத்தால் விடை சொல்ல முடியாது, வேலையால்தான் சொல்ல முடியும். நம்பத்தகுந்த வெப்பமானி ஒன்று, விசிறிக்கு மின்சாரம் போகும்போது எரியும் சிறு விளக்கு ஒன்று, சுவிட்ச் பழுதானால் கையால் போட்டுக்கொள்ள மாற்றுச் சுவிட்ச் ஒன்று. இம்மூன்றும் இல்லாமல் மின்விசிறி போடுவதற்குப் போடாமலிருப்பதே மேல்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி: வண்டி ஏன் கொதிக்கிறது? என் முதல் முயற்சியில் நான் அதைக் கேட்கவில்லை. கொதித்த மறுவாரமே ஒரு மெக்கானிக்கிடம் போய் மின்விசிறி போடச் சொன்னேன். அவரும் போட்டார். ரிலே இல்லை, ஃப்யூஸ் இல்லை; மெல்லிய ஒயர் ஒன்றை டாஷ்போர்டுச் சுவிட்ச் வழியாக நேரே இழுத்துவிட்டார். பத்தாம் நாள் ஒயர் கருகும் வாடை வந்தது. தவறு அவருடையது மட்டுமன்று. நோயைக் கேட்காமல் மருந்தை மட்டும் கேட்டவன் நான்.

பிறகு ரேடியேட்டரைக் கழற்றி, அதற்கென்றே இருக்கும் கடையில் கொடுத்தேன். மேல்தொட்டியின் ஈயப்பற்றை உருக்கித் திறந்து காட்டினார் கடைக்காரப் பெரியவர். குழாய்களில் மூன்றிலொன்று உப்பேறி அடைந்திருந்தது. ஆண்டுக்கணக்கில் போர் தண்ணீரை ஊற்றியதன் பலன். நாம் குளிக்கும் வாளியில் படியும் அதே வெள்ளைக் கறைதான் எஞ்சினுக்குள்ளும் படிகிறது. வெப்பத்தைக் கடத்தாமல் போர்வைபோல் மூடிக்கொள்கிறது. கம்பிவிட்டுக் குழாய்களைச் சுத்தம் செய்து பற்றவைத்துக் கொடுத்தார். தெர்மோஸ்டாட்டைத் தேடினால் அந்த இடமே காலியாக இருந்தது. "நம்ம ஊர் வெயிலுக்கு அது எதுக்கு?" என்று யாரோ என்றோ எடுத்து வீசியிருக்கிறார்கள். இந்த மூடநம்பிக்கை நம் பட்டறைகளில் ஆழ வேரூன்றியது. தெர்மோஸ்டாட் இல்லாத எஞ்சின், நெடுஞ்சாலையில் உரிய சூட்டை எட்டாமலே ஓடித் தேயும். பெட்ரோலையும் கூடுதலாகக் குடிக்கும். நெரிசலில் கொதிப்பதை அது தடுப்பதுமில்லை. மூடியின் ரப்பரும் இறுகிப்போயிருந்தது. அழுத்தம் தாங்கும் மூடி, ஒவ்வொரு பவுண்டு அழுத்தத்துக்கும் கொதிநிலையை ஒன்றரை டிகிரிக்குச் சற்று மேல் உயர்த்தும். 7 பவுண்டு மூடி சரியாக இருந்தால் தண்ணீர் 110 டிகிரி வரை கொதிக்காது. ரப்பர் போனால் 100 டிகிரியிலேயே பொங்கிவிடும்.

இவற்றையெல்லாம் சரிசெய்து, குழாய்த் தண்ணீருக்குப் பதில் கூலன்ட் ஊற்றிய பிறகு வண்டி வெகுவாகத் தேறியது. நெடுஞ்சாலையில் ஊசி அசையவில்லை. என் சினேகிதர்களில் பாதிப்பேருக்கு இத்துடன் சிகிச்சை முடிந்திருக்கும், மின்விசிறியே வேண்டியிருக்காது. ஆனால் ஒரு மே மாத நண்பகலில் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, எஞ்சினை நாற்பது நிமிடம் ஐட்லிங்கில் விட்டுப் பார்த்தேன். ஊசி மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போனது. அப்போதுதான் விசிறியின்மீது குற்றம் உறுதியாயிற்று. இந்தச் சோதனைக்கு ஒரு காசும் செலவில்லை. விசிறி மாற்ற விரும்புகிறவர்கள் முதலில் இதைச் செய்துபார்க்கட்டும்.

இரண்டாம் முறை வேலையை முறையாகச் செய்தோம். 35 ஆம்பியர் ஆல்டர்னேட்டர். ரேடியேட்டருக்குப் பின்புறம், காற்றை இழுக்கும் வகை விசிறி. முன்னால் வைத்துத் தள்ளும் வகை, வண்டி ஓடும்போது எதிர்காற்றையே மறைக்கும். ரேடியேட்டரின் முழு முகத்திலிருந்தும் காற்றை இழுக்கத் தகட்டால் ஒரு கூடு. விசிறியை ரேடியேட்டரின் துடுப்புகளில் பிளாஸ்டிக் பட்டை கோத்துக் கட்டாமல், பக்கச் சட்டங்களில் தாங்கு போட்டு நிறுத்தினோம்; கோத்துக் கட்டினால் அதிர்வில் குழாய் தேய்ந்து ஒழுகும். தடித்த ஒயர், ரிலே, ஃப்யூஸ். தெர்மோஸ்டாட் திறப்பது 82 டிகிரியில். விசிறி ஓடத் தொடங்குவது 92இல், நிற்பது 87இல். இந்த வரிசை முக்கியமானது. தெர்மோஸ்டாட் திறக்கும் சூட்டுக்குக் கீழே விசிறியை அமைத்தால் அது ஓயாமல் ஓடும்.

எல்லா வண்டிக்கும் இதைப் பரிந்துரைக்கிறேனா என்றால், இல்லை. பெரும்பாலும் ஊர்ச்சாலைகளில் தடையின்றி ஓடும் வண்டிக்கு இரும்பு விசிறியே போதும். அதைத் தொட வேண்டாம். சுமையேற்றும் லாரிக்கு வேண்டிய காற்றின் அளவு மிகப் பெரிது. 12 வோல்ட் சிறு மோட்டார் அங்கே செல்லாது. அவற்றுக்கென்று சூடேறினால் மட்டும் விசிறியைப் பற்றிக்கொள்ளும் கிளட்ச் உண்டு. சிலிகோன் எண்ணெயும் ஈருலோகச் சுருளும் கொண்ட, மின்சாரம் தேவைப்படாத நல்ல இடைவழி அது. நகரத்து நெரிசலில், வெயிலில், நின்று நின்று ஊர வேண்டிய பழைய பெட்ரோல் காருக்கே என் பரிந்துரை.

சென்ற பொங்கலுக்கு அதே சாலையில், ஏறத்தாழ அதே இடத்தில் சிக்கினோம். ஊசி 92ஐத் தொட்டது, சிறு விளக்கு எரிந்தது, முன்னாலிருந்து ஓர் இரைச்சல் எழுந்தது. "என்னடா சத்தம்?" என்றார் அம்மா. "விசிறிம்மா" என்றேன். நான்கு நிமிடம் ஓடி நின்றது. பிறகு மீண்டும் ஓடியது. வண்டியில் ஒரு கேன் தண்ணீரும் இருந்தது; அதைத் திறக்க நேரவில்லை. தம்பிக்கு இன்னும் முழு நம்பிக்கை வரவில்லை. விற்பதைப் பற்றிய பேச்சு மட்டும் நின்றிருக்கிறது.

பழைய விசிறி, எண்ணெய் தடவிச் சாக்கில் சுற்றி, அதன் போல்ட்டுகளோடு பரணில் இருக்கிறது. 1978இல் பதிவான வண்டிக்கு 2028இல் ஐம்பது நிறையும். அப்போது அதை இறக்கிப் பொருத்திப் பழம்பெரும் வண்டியாகப் பதிவு செய்வதா, மின்விசிறியோடு ஓட்டிக்கொண்டே இருப்பதா என்பதை அம்மாவைக் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.